தால் ஏரியில் படகு வீடு: எத்தனை இரவு தங்கலாம்?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டது:

"கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் ஏப்ரல் முதல் வாரத்தில் ஸ்ரீநகர் செல்ல இருக்கிறோம். அங்கிருக்கும் நாள் அத்தனையும் படகு வீட்டிலேயே தங்கிவிடலாம் என்பது பெரும்பான்மையோர் விருப்பம். நீலகிரியில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் ஒரு பொருட்டல்ல. ஸ்ரீநகர் ஊட்டியைவிட உயரம் குறைந்த ஊர் என்றும் படித்தேன். இந்தத் திட்டத்தில் குறை ஏதும் உண்டா?"

11 ஜனவரி 2025

உயரக் கணக்கு சரி. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் சுமார் 1,850 மீட்டர், ஸ்ரீநகர் 1,585 மீட்டர். ஆனால் குளிரை உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறோம். ஸ்ரீநகர் 34 பாகையில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் ஊட்டிப் பக்கத்தில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல்லின் மேல் படியும் உறைபனி வெயில் ஏறியதும் கரைந்துவிடுகிறது. அங்கே டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்குச் 'சில்லை கலான்' என்று தனிப்பெயரே உண்டு. அதற்குப் பிறகு இருபது நாள், பத்து நாள் என்று இரண்டு தவணைகள் தொடரும். தால் ஏரியின் மேற்பரப்பு உறைவதெல்லாம் அந்தக் காலத்தில்தான். நீங்கள் போவது துலிப் தோட்டம் திறந்திருக்கும் பருவம் என்பதால் குளிரைப் பற்றிக் கவலை வேண்டாம். மழைக்கு ஆயத்தமாகப் போங்கள். ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் எடுப்பதைவிட நனையாத மேற்சட்டை ஒன்று எடுப்பது மேல்.

எல்லா இரவும் படகு வீட்டில் என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு இரவு போதும். காரணத்தை வேலை முடிந்ததும் எழுதுகிறேன்.

அதே நாள், இரவு

நம் பக்கத்தில் படகு வீடு என்றவுடன் எல்லோர் நினைவிலும் வருவது ஆலப்புழை. அங்கே பழைய நெல் வள்ளங்களின் வழியில் வந்த கெட்டுவள்ளம், பகல் முழுவதும் காயலில் ஓடி, மாலையில் ஓரிடத்தில் நிற்கும். தால் ஏரிப் படகு வீடு ஓடாது. தேவதாரு மரத்தில் கட்டி, கரையோரமாகவோ ஏரிக்குள் இருக்கும் திட்டை ஒட்டியோ நிலையாகக் கட்டிப்போட்ட வீடு அது. இதை அறியாமல் போன என் நண்பர் ஒருவர், மதிய உணவு முடிந்த பிறகும் "எப்போது கிளப்புவார்கள்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அமைப்பைச் சொல்கிறேன். முன்னால் செதுக்கு வேலைப்பாடு உள்ள கைப்பிடியோடு ஒரு திண்ணை, அதையடுத்து வரவேற்பறை, பிறகு சாப்பாட்டு அறை. அதற்குப் பின்னால் ரயில் பெட்டியில் இருப்பதைப் போல ஒரு பக்கமாக நீளும் நடைவழியும், அதிலிருந்து பிரியும் இரண்டு முதல் நான்கு படுக்கையறைகளும். அறைக்கு அறை நடுவே இருப்பது பலகை மட்டுமே. ஒருவர் குறட்டை விட்டால் மற்ற மூன்று அறைகளுக்கும் அது போய்ச் சேரும். பின்பக்கத்தில், சிறிய படகிலோ திட்டில் கட்டிய வீட்டிலோ உரிமையாளரின் குடும்பம் இருக்கும். சமையல் அங்கிருந்துதான் வருகிறது. நள்ளிரவு வரை சீட்டுக் கச்சேரி நடத்தும் ஆறு பேர், பள்ளிக்குப் போகும் குழந்தைகள் உறங்கும் ஒரு வீட்டின் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. மது அருந்தும் எண்ணம் யாருக்காவது இருந்தால் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். பல குடும்பங்கள் அதை ஏற்பதில்லை.

அடுத்தது போக்குவரத்து. ஏரிக்குள் இருக்கும் படகு வீட்டிலிருந்து எதற்கு வெளியே வந்தாலும் ஷிகாரா என்னும் சிறு துடுப்புப் படகு வேண்டும். தலைவலி மாத்திரைக்குக்கூட வேண்டும். இரவில் எத்தனை மணி வரை படகு உண்டு, ஏற்றி இறக்கும் கட்டணம் வாடகையில் அடக்கமா என்ற இரண்டையும் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். குல்மார்க், பஹல்காம் என்று விடியற்காலையில் வண்டி ஏற வேண்டிய நாட்களில், ஆறு பேரையும் பெட்டிகளோடு படகில் ஏற்றிப் படித்துறையில் இறக்குவதற்குள் பாதி உற்சாகம் வடிந்துவிடும். அதனால்தான் முதல் இரண்டு இரவு நீரில், மற்றவை கரையில் என்கிறேன்.

12 ஜனவரி 2025

"ஏரியில் தங்காமல் ஸ்ரீநகருக்கு எதற்குப் போக வேண்டும்?" என்று ஒருவர் கோபித்திருக்கிறார். இரண்டு இரவு ஏரியில்தானே தங்கச் சொன்னேன்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. ஏரிக்கரையோரம் போகும் பூலவார்ட் சாலையைப் பார்த்த முன்வரிசைப் படகு வீட்டில் தங்கிவிட்டு, வாகன இரைச்சல் தாங்கவில்லை என்று குறை சொல்பவர்கள் உண்டு. அமைதிதான் முதன்மை என்றால் நிகீன் ஏரிக்குப் போங்கள். தாலோடு இணைந்த சிறிய ஏரி, கூட்டம் குறைவு, நீரும் பார்வைக்குத் தெளிவாக இருக்கிறது. கடைத்தெருவுக்கு வர மட்டும் தொலைவு. நண்பர் கூட்டத்தில் இருவருக்குக் கடைத்தெரு முக்கியம், நால்வருக்கு அமைதி முக்கியம் என்றால் அதை ஊரிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

19 ஜனவரி 2025

முன்பதிவு செய்து போவதா, நேரில் பார்த்துப் பேசுவதா என்ற கேள்விக்கு நீலகிரிக்காரர்களுக்கு விளக்கமே தேவையில்லை. ஊட்டி சேரிங் கிராஸில் சமவெளி எண் பலகையோடு கார் நின்றவுடன், கையில் அட்டையோடு "ரூம் வேணுமா சார்?" என்று ஓடிவருகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். மே மாத மலர்க் காட்சிச் சமயத்தில் ஒரே அறைக்குக் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. டிரைவர் அழைத்துச் செல்லும் விடுதியில் டிரைவருக்குக் கமிஷன் உண்டு என்பதும், அது நம் வாடகையில்தான் ஏறும் என்பதும் நமக்குத் தெரியும். ஸ்ரீநகரின் தால்கேட் படித்துறையில் அதே நாடகம்தான், மொழி மட்டும் வேறு. சொந்த ஊரில் இந்த வலையை விரிப்பவர்களோடு தேநீர் குடிக்கும் நாம், அங்கே போனவுடன் விவரமில்லாத சமவெளிக்காரர்களாக மாறிவிடுவதுதான் வேடிக்கை.

எங்களுக்கு நேர்ந்தது இது. படத்தில் காட்டிய படகு வீடு ஒன்று. போய் இறங்கியது அதற்குப் பின்னால் இருந்த வேறொன்று. "அதில் குழாய் பழுது, இதுவும் என் தம்பியுடையதுதான்" என்றார் உரிமையாளர். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே இன்னொரு படகின் முதுகும், அதில் காயும் போர்வைகளும்தான் தெரிந்தன. எங்களில் ஊட்டியில் அறை வாடகைக்கு விடும் ஒருவர் இருந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பாய், நானும் சீசனில் இதே குழாய்க் கதையைச் சொல்லியிருக்கிறேன்" என்று அரைகுறை இந்தியில் சொல்லிச் சிரித்தார். உரிமையாளரும் சிரித்துவிட்டார். மறுநாள் காலை முன்வரிசைப் படகில் இடம் கிடைத்தது.

ஆகையால் படகு வீட்டின் பெயர், அது நிற்கும் படித்துறையின் எண், எந்தத் தரப்பிரிவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். டீலக்ஸ் தொடங்கிக் கீழ்நோக்கிப் போகும் தரப்பிரிவு, வெறும் விளம்பரச் சொல்லாக இல்லாமல் சுற்றுலாத் துறைப் பதிவில் உள்ளதுதானா என்றும் கேளுங்கள்.

2 பிப்ரவரி 2025

தீயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் இது முக்கியம்.

2023 நவம்பர் 11 விடியற்காலையில் தால் ஏரியில் படகு வீடுகள் தீப்பற்றி எரிந்ததில், வங்கதேசத்திலிருந்து வந்திருந்த பயணிகள் மூவர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் நிகீன் ஏரியிலும் பல படகு வீடுகள் எரிந்தன. காய்ந்த தேவதாரு, செதுக்கு மரக் கூரை, கம்பளம், திரைச்சீலை, அறையைச் சூடாக்க விறகு எரியும் 'புகாரி' அடுப்பு. படகுகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம் இல்லை. சுற்றிலும் தண்ணீர் இருந்தும் தீயணைப்பு வண்டி அருகே வர வழி கிடையாது. படுக்கையறையிலிருந்து வெளியேற அந்த ஒரே நடைவழிதான் என்றால், சன்னல் திறக்கிறதா என்று போனவுடன் பார்த்துவிடுங்கள். புகைபோக்கி இல்லாத அடுப்பையோ, காங்கிரி என்னும் தணல் சட்டியையோ உறங்கும் அறைக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்து உறங்கி மூச்சு முட்டி இறந்தவர்களின் செய்தி நம் மலையிலும் வந்ததுண்டு. அங்கே கொடுக்கும் மின்சாரப் போர்வை நல்லது. படுக்கும் முன் சூடேற்றிவிட்டு, உறங்கும்போது அணைத்துவிடலாம்.

3 பிப்ரவரி 2025

மறந்துபோனது: வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது. ஆறு பேரில் இருவரிடமாவது போஸ்ட்பெய்டு இணைப்பு இருக்கட்டும். இணைப்பு இல்லையென்றால் யுபிஐயும் இல்லை என்பதால், பொதுச்செலவுக் காசை நோட்டாக வைத்திருப்பவர் ஒருவராக இருப்பது நல்லது. அந்த வேலையை ஏற்கிறவர் கணக்கு கேட்கும்போது கோபிக்காதவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் எங்கள் கூட்டத்தில் இன்னும் கிடைக்கவில்லை.

20 பிப்ரவரி 2025

படகில் வீடு கட்டும் எண்ணம் எப்படி வந்தது என்று குன்னூர் மாணவி ஒருவர் கேட்கிறார். நீரில் வாழும் வழக்கம் காஷ்மீரில் பழையது. 'டூங்கா' என்ற பாய் வேய்ந்த படகில் குடும்பமாக வாழ்ந்த படகோட்டிகள் அங்கே எப்போதும் இருந்தார்கள். இன்றைய ஆடம்பர வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. மகாராஜாவின் ஆட்சியில் வெளியார் நிலம் வாங்க முடியாததால், கோடைக்கு வந்த வெள்ளையர்கள் தண்ணீரில் வீடு அமைத்துக்கொண்டார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம்.

நம் மலையை இதோடு சேர்த்துப் பார்த்தால் கதை நேர் எதிராக இருக்கிறது. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுக்கு இங்கே தோதவர் பழங்குடியினரின் நிலம் மலிவாகக் கிடைத்தது. கல்வீடு கட்டிக்கொண்டு, 1823 முதல் 1825 வரையிலான காலத்தில் ஏரியையும் அவரே உருவாக்கினார். கொடைக்கானலில் 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ் ஏரி அமைத்ததும், படகுகளைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்ததும் அப்படித்தான். நிலம் கையில் இருந்ததால் ஏரி அவர்களுக்கு அழகுக்கும் உல்லாசத்துக்குமான பொருளாக இருந்தது. ஸ்ரீநகரில் அவர்கள் ஏரியின் மேலேயே குடியிருக்க நேர்ந்தது.

9 மார்ச் 2025

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு: காஷ்மீரிகள் நம்மைப் போலவே சோறு உண்பவர்கள். சப்பாத்தியை நினைத்துப் பயந்து ஊறுகாய்ப் பாட்டில்களாக அடுக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஹாக் என்னும் கீரை, நத்ரு என்னும் தாமரைத் தண்டு, ராஜ்மா ஆகியவை சைவர்களுக்குப் போதும். மற்றவர்களுக்கு ரோகன் ஜோஷ் இருக்கிறது. காவா என்னும் குங்குமப்பூப் பானம் எல்லோருக்கும் பிடிக்கும். உப்புப் போட்ட இளஞ்சிவப்புத் தேநீர் நம்மவர்களுக்குப் பிடிப்பது அரிது. குன்னூர்த் தேயிலைத் தூள் கால் கிலோ கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். எங்கள் தூளைக் கொதிக்கவைத்த அந்த வீட்டு அம்மா, நிறத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினார். அதன் பிறகு எங்களுக்கு இரண்டாவது கோப்பை கேட்காமலே வந்தது.

காய்கறிப் படகுச் சந்தையைக் கட்டாயம் பாருங்கள். விடிவதற்கு முன்பே எழுந்து ஷிகாரா ஏறினால்தான் உண்டு. துடுப்பின் முனை இலை வடிவில் இருக்கும். பாசி அடர்ந்த கால்வாயில் படகோட்டி அதை நீரில் ஆழ்த்தாமல், மேலாக அரிந்துகொண்டு போகிறார். சந்தை கூடுமிடத்தில் நூல்கோல், டர்னிப், கீரைக் கட்டு, தாமரைத் தண்டு ஆகியவற்றோடு ஒல்லியான படகுகள் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. இது பயணிகளுக்காகப் போட்ட கடை அல்ல. வளர்ப்பவரும் மொத்தமாக வாங்குபவரும் பேரம் பேசும் இடம். பெரும்பகுதி, நீர்த்தாவரங்களைப் பின்னிப் பரப்பிச் சேறு போட்ட மிதக்கும் தோட்டங்களில் விளைந்தது.

எங்களோடு வந்தவர்களில் ஊட்டிக்கு அருகே கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறவர் ஒருவர் உண்டு. சந்தையில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, சுற்றுலாவில் அதுவரை வாயே திறக்காத அவர், ஒரு முதியவரின் படகிலிருந்து நூல்கோல் ஒன்றை எடுத்து, வேரைத் திருப்பிப் பார்த்து, நகத்தால் கீறி முகர்ந்தார். முதியவர் விரல்களால் விலை சொன்னார். நம்மவர் பதிலுக்கு மேட்டுப்பாளையம் மண்டி விலையை விரல்களால் சொன்னார். இருவரும் ஒரே சமயத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். நள்ளிரவில் டார்ச் வெளிச்சத்தில் கேரட் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி லாரி ஏற்றுகிறவருக்கு அந்தச் சந்தையை விளக்க எந்த வழிகாட்டியும் தேவைப்படவில்லை. வாங்கிய நூல்கோலை அங்கேயே கடித்துத் தின்றுவிட்டு, "தண்ணி ஜாஸ்தி" என்று மட்டும் சொன்னார்.

16 ஏப்ரல் 2025

கோத்தகிரி நண்பர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். மூன்று இரவு படகில், மீதி கரையில் என்று பேரம் படிந்ததாம். மூன்றாவது இரவில் மழை பிடித்து, படகிலேயே அடைபட்டதுதான் பயணத்தின் சிறந்த பொழுது என்று கேள்வி கேட்ட வாசகர் எழுதியிருக்கிறார். அப்படியானால் என் இரண்டு என்ற கணக்கை இரண்டு அல்லது மூன்று என்று வைத்துக்கொள்ளலாம், மழைக்கு உத்தரவாதம் இருந்தால்.

24 ஏப்ரல் 2025

நேற்று முன்தினம் பஹல்காமில் பயணிகள் மீது நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். குதிரை ஓட்டிப் பிழைத்த உள்ளூர்க்காரர் ஒருவரும் அவர்களில் இருக்கிறார். மே மாதம் செல்லவிருந்தவர்கள் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு ஒத்திவையுங்கள். இதற்கு மேல் எழுதும் மனநிலை இல்லை.

4 மே 2025

தாக்குதலுக்குப் பிறகு காஷ்மீரின் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. படகு வீட்டுக்காரரிடம் கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்பது பற்றி விவாதம் நடக்கிறது. சட்டப்படி உங்கள் பணம்தான். ஆனாலும், 2020-இல் ஊரடங்கின்போது ஊட்டியில் அறைகள் பூட்டிக் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். பணத்தைத் திரும்பக் கேட்காமல் "அடுத்த ஆண்டு வருகிறோம்" என்று சொன்ன வாடிக்கையாளர்களை இங்கே பலர் இன்றும் மறக்கவில்லை. தொகை சிறியதாக இருந்தால், தேதியை மாற்றிக்கொண்டு விட்டுவிடுவதே என் வழி. பெரிய தொகை கட்டியவர்களிடம் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

9 ஜூன் 2025

ஜம்மு பக்கத்தில் இருக்கும் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ரயில் வந்துவிட்டது. ஜூன் 6 அன்று தொடக்க விழா நடந்தது. செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் மேலே இருக்கும் பாலத்தைக் கடந்து சுமார் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரலாம். முன்பு கோவையிலிருந்து விமானம் ஏறி டெல்லியில் மாறுவதைத்தான் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். இனி கோவையில் வாராந்திர ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஏறி கத்ராவில் இறங்கி, அங்கிருந்து இந்த ரயிலைப் பிடிக்கலாம். நாட்கணக்கில் வண்டியில் இருக்க வேண்டும் என்பதால், சேர்ந்து போகிற நண்பர்கள் உண்மையிலேயே நண்பர்கள்தானா என்பது நாக்பூருக்குள் தெரிந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்ததைப் பெருமை பேசும் நம் ஊர்க்காரர்கள், இந்தப் பாதையை ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும்.

14 செப்டம்பர் 2025

"ஊட்டி ஏரியிலும் கொடைக்கானல் ஏரியிலும் பத்துப் படகு வீடுகள் விட்டால் வேலைவாய்ப்பு பெருகுமே, ஏன் அரசு யோசிப்பதில்லை?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது கூடவே கூடாது.

அளவைப் பாருங்கள். ஊட்டி ஏரி சுமார் 65 ஏக்கர், கொடைக்கானல் ஏரி சுமார் 60 ஏக்கர். தால் ஏரி ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர், அதாவது ஊட்டி ஏரியைப் போல எழுபது மடங்கு. அத்தனை பெரிய ஏரியே தாங்க முடியாமல் திணறுகிறது. படகு வீடுகளின் கழிவு நேராக நீரில் கலந்ததும், அதைவிடப் பெரிய அளவில் நகரத்தின் சாக்கடை கலந்ததும் அங்கே உயர் நீதிமன்றம் வரை போன விவகாரம். புதிய படகு வீடு கட்ட அனுமதி இல்லை. இருப்பவற்றைக் கழிவுநீர்க் குழாயோடும் சுத்திகரிப்புத் தொட்டியோடும் இணைக்கும் வேலை இழுத்துக்கொண்டே போகிறது.

நம் ஏரிக்குப் படகு வீட்டின் உதவி இல்லாமலே இந்தக் கதி வந்துவிட்டது. ஊரின் கழிவு கோடப்பமந்து கால்வாய் வழியாக ஏரிக்கு வருவதை, பேருந்து நிலையத்தின் பக்கம் நடக்கும் எவரும் மூக்கால் அறியலாம். அந்தப் பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமாக இருந்த இடமும் இருப்பதே பழைய ஏரியின் படுகையில்தான். மிச்சமிருக்கும் நீரில் குளியலறையோடு கூடிய படுக்கையறைகளை மிதக்கவிட வேண்டுமா?

இன்னொன்றும் இருக்கிறது. தால் ஏரிப் படகு வீட்டின் மதிப்பு அதைக் கட்டிய தச்சரிடமும், பரம்பரையாக அதில் வாழும் குடும்பத்திடமும் இருக்கிறது. எந்தப் பலகையில் நீர் கசிகிறது என்பது அந்த வீட்டுப் பெரியவருக்குக் காலடி ஓசையிலேயே தெரியும். இங்கே ஒப்பந்தம் எடுப்பவர் ஃபைபர் படகின் மேல் தகரக் கூரை போட்டு, விளக்குச் சரம் கட்டி, மே மாதத்தில் மட்டும் வாடகை வாங்குவார். இ-பாஸ் வைத்து வண்டிகளைக் கட்டுப்படுத்த வேண்டிய அளவுக்கு 2024 முதல் இரண்டு ஊர்களும் நிரம்பி வழியும்போது, தண்ணீரிலும் அறை திறப்பது எந்த வகையில் பொருந்தும்? வேலைவாய்ப்புதான் நோக்கம் என்றால், அந்தப் பணத்தில் கால்வாயைச் சுத்தம் செய்யட்டும்; அதற்கும் ஆட்கள் தேவைதான்.

15 செப்டம்பர் 2025

கோபமாக எழுதிவிட்டேன் என்று இருவர் சொல்கிறார்கள். இருக்கட்டும்.

சேர்ந்து போகவிருக்கும், அறுபது வயதைக் கடந்த நண்பர்கள் சிலர், ஷிகாராவில் ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்குமா என்று கேட்டிருக்கிறார்கள். ஷிகாரா தாழ்வானது, படித்துறையின் கடைசிப் படியிலிருந்து ஆடும் படகுக்குள் கால் வைத்து, மெத்தையில் ஏறத்தாழத் தரையளவுக்கு உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவருக்கு அதிலிருந்து எழுவதுதான் கடினம். அவர்கள் ஜீலம் ஆற்றங்கரையில் நிற்கும் படகு வீட்டையோ, நிகீனில் கரையிலிருந்து பலகைப் பாலம் உள்ளதையோ கேட்டு வாங்கலாம். நடந்தே உள்ளே போய்விடலாம். கழிப்பறை மேற்கத்திய வகையா, உள்ளே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா என்று கேட்டு, அதற்கும் படம் அனுப்பச் சொல்லுங்கள்.